பைட் அரேயில் நேரும் தவறு சத்தம் போடாது

இடஞ்சார் தரவுத்தளத்திலிருந்து ஒரு புள்ளியை எடுத்தால் கைக்கு வருவது வெறும் பைட் அரே, அதாவது பைட்டுகளின் வரிசைதான். டபிள்யூகேபி (வடிவங்களை இருமத்தில் எழுதும் பொதுத் தரமுறை) வடிவத்தில் இருபரிமாணப் புள்ளி ஒன்றுக்கு 21 பைட்: பைட் வரிசையைச் சொல்ல 1, வடிவ வகைக்கு 4, எக்ஸுக்கும் ஒய்க்கும் எட்டெட்டு. முதல் பைட் 0 என்றால் பிக் எண்டியன் (எண்ணின் உயர்மதிப்பு பைட் முதலில்), 1 என்றால் லிட்டில் எண்டியன் (குறைமதிப்பு பைட் முதலில்). எந்த எட்டு பைட்டை அள்ளினாலும் அது ஏதோ ஒரு டபுளாகிவிடும் (8 பைட் தசம எண்) என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. எக்செப்ஷன் எழாது. தவறான ஆயத்தொலைவு அமைதியாகச் சேமிப்பில் போய் உட்காரும்.

1.0 என்ற எண்ணைப் பாருங்கள். பிக் எண்டியனில் அது 63, 240, பிறகு ஆறு சுழியங்கள். இதையே லிட்டில் எண்டியனாக எழுதி, பிக் எண்டியனாகப் படித்தால் கிடைப்பது தசமப் புள்ளிக்குப் பின் 318 சுழியங்கள் கடந்து 3 வருகிற எண். வரைபடத்தில் அது சுழியத்திலேயே நிற்கும். பார்ப்பவர் காலித் தரவு என்று நினைத்துவிடுவார். ஜாவாவின் டேட்டாஇன்புட்ஸ்ட்ரீம் பிக் எண்டியனை மட்டுமே படிக்கும். பைட்பஃபரும் நாம் மாற்றாதவரை அப்படியே. அதனால்தான் ஜேடிஎஸ் என்ற ஜாவா வடிவியல் நூலகத்தில், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் பைட்ஆர்டர்வேல்யூஸ் என்ற தனி கிளாஸ் இருக்கிறது.

அந்த வேலையை நீங்களே எழுதினால் இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். ஜாவாவில் பைட்டுக்குக் கூட்டல், கழித்தல் குறி உண்டு. 240 என்பது அங்கே -16. இன்ட்டாக மாறும்போது மேலுள்ள பிட்டுகளெல்லாம் 1 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு பைட்டையும் முதலில் 255-உடன் பிட்வாரியாக ஆண்ட் (&) செய்யுங்கள். மறந்தால் 127 புள்ளிகள் வரை கோடு சரியாகவே வரும். 128-ஆவது புள்ளி சேர்ந்ததும் எண்ணிக்கை -128 ஆகிவிடும். இன்னொன்று, 8 பைட்டைச் சேர்க்கும்போது ஷிஃப்டுக்கு முன்பே லாங்காக மாற்றிவிட வேண்டும். இன்ட்டை 32 இடம் நகர்த்தச் சொன்னால் ஜாவா அதைச் சுழிய இடம்தான் நகர்த்தும். மேல் பாதி கீழ்ப் பாதியோடு கலந்துவிடும்.

தலைப்பகுதியில் வரும் சிக்கல் இன்னும் நயவஞ்சகமானது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் தன் வடிவ நெடுவரிசையில் டபிள்யூகேபிக்கு முன்னால் 4 பைட் எஸ்ஆர்ஐடி (ஆயத்தொலைவு முறையைக் குறிக்கும் எண்) வைக்கிறது. அந்த எண் 0 ஆக இருக்கும்போது, நெடுவரிசை மதிப்பை நேரடியாக எடுத்து முதல் பைட்டிலிருந்து படித்தால் என்ன ஆகும்? முதல் சுழியம் பிக் எண்டியன் என்று சொல்லும். அடுத்த மூன்று சுழியங்களோடு, உண்மையான பைட் வரிசைக் குறியான 1 சேர்ந்து வடிவ வகை 1, அதாவது புள்ளி, என்றாகும். உள்ளே இருப்பது பலகோணமானாலும் புள்ளிதான் வரும், துளி எச்சரிக்கையும் இல்லாமல். படித்து முடித்தபின் பைட் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு வரி இதைப் பிடித்துவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இடஞ்சார் நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ் வேறு வழி: அதன் ஈடபிள்யூகேபி (நீட்டிக்கப்பட்ட டபிள்யூகேபி) வடிவம் எஸ்ஆர்ஐடி இருப்பதை வகை எண்ணிலேயே 536870912-ஐக் கூட்டிச் சொல்லும். உயரம் இருந்தால் உச்சப் பிட் 1 ஆகும், அதனால் ஜாவாவில் வகை எண் எதிர்மமாகத் தெரியும்.

பன்மை வடிவங்களில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி வரிசைக் குறி உண்டு. வெளியே பார்த்ததையே உள்ளேயும் நம்பக் கூடாது.

புள்ளி எண்ணிக்கையைப் படித்த உடனே அரே ஒதுக்காதீர்கள். இருபரிமாணத்தில் எண்ணிக்கையை 16-ஆல் பெருக்கி, மீதமுள்ள பைட்டுகளுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். பெருக்கலும் லாங்கில்தான் நடக்க வேண்டும். சிதைந்த நான்கு பைட் போதும், நினைவகம் முழுவதையும் கேட்டு நிரல் விழுந்துவிடும்.

சோதனைக்கு 1, 2 போன்ற முழு எண்கள் மட்டும் போதாது. எதிர்ம எண், 0.1 போன்ற பின்னம், 200 புள்ளிகள் கொண்ட கோடு ஆகியவற்றை இரு வரிசையிலும் எழுதிப் படித்து, பிட்டுக்குப் பிட் ஒப்பிடுங்கள்.