தேனெறும்பு எப்போது கனவு கண்டது?

"ஏழு சகோதரிகளின் கனவு", "தேனெறும்பின் கனவு". ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்களின் ஓவியங்களுக்கும் புல் சிற்பங்களுக்கும் தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் இப்படித்தான் எழுதித் தள்ளுகிறார்கள். எந்த எறும்பு எங்கே படுத்துக் கனவு கண்டதோ!

இப்படிக் 'கனவு' ஆக்கப்படும் மூலச்சொல், ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைநிலத்து பிட்ஜன்ஜட்ஜாரா மொழியில் ஜுகுர்ப்பா. கதை, சொல், சேதி, சட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். இதற்கு இணையான, அரண்டா என்ற இன்னொரு பழங்குடி மொழியின் சொல்லைத்தான் 1890களில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தந்தி நிலைய அதிகாரி கில்லன் ஆங்கிலத்தில் 'டிரீம்டைம்', அதாவது 'கனவுக்காலம்' ஆக்கினார். அவரோடு சேர்ந்து எழுதிய மானிடவியலாளர் ஸ்பென்சர் அதைப் பரப்பினார். கனவு காண்பதற்கான வினையும் அதே வேர்தான். அதற்காக முழுச் சொல்லையும் கனவென்று மூடிவிடலாமா?

தமிழில் கனவு என்றால் விழித்ததும் கலைவது. "கனவிலும் நினைக்கவில்லை", "பகல் கனவு காணாதே" என்கிறோம். சிலம்பில் கண்ணகி கண்ட கனாகூட வரப்போவதைச் சொல்வது. நடந்ததையோ நடக்க வேண்டிய முறையையோ அல்ல. 'காலம்' அதைவிட மோசம், முடிந்துபோன ஒன்றாக்கிவிடுகிறது. ஜுகுர்ப்பா முடியவில்லை. குங்கரங்கல்பா என்ற அந்தச் சகோதரிகள் (நாம் ஆறாக எண்ணும் கார்த்திகை மீன்கள்தான்) நியிரு என்பவன் துரத்த ஓடிய வழியில் நீர்ச்சுனைகளும் பாறைகளும் இன்றும் சாட்சி. எந்தச் சுனை யாருடையது, யார் யாரை மணக்கலாம், எந்தப் பகுதியை ஆண்கள் கேட்கக் கூடாது என்பதெல்லாம் ஜுகுர்ப்பாவில் அடக்கம்.

'புராணம்' என்பாரும் உண்டு. தலபுராணம் இடத்தோடு ஒட்டுவதால் கனவைவிடத் தேவலை. ஆனால் "புராணம் பாட ஆரம்பிச்சுட்டான்" என்று அலுத்துக்கொள்ளும் ஊரில் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தின் கனம் வராது. 'மரபு' சவசவ, வத்தக்குழம்புக்கும் அதைத்தான் போடுகிறோம்.

என் தேர்வு தொன்னெறி. தொன்மையும் இருக்கிறது, நடக்க வேண்டிய வழியும் இருக்கிறது. "இது என் பாட்டி வழித் தொன்னெறி" என்று ஒரு பெண் சொல்வதாக எழுதிப் பாருங்கள், நிற்கும். "என் பாட்டி வழிக் கனவுக்காலம்" நிற்காது.

எல்லா இடத்திலும் ஒரே சொல்லைத் திணிக்கவும் வேண்டாம். அந்தப் பாலைநிலச் சிறுமிகள் உள்ளங்கையால் மணலைச் சமன்செய்து, வளைந்த கம்பியால் தாளம் தட்டி, இலைகளை ஆட்களாக நட்டுக் கதை சொல்வார்கள். அடுத்த காட்சிக்கு மணலை வழித்துவிடுவார்கள். ஆள் உட்கார்ந்த தடம் 'ப' வடிவில், மூலை மழுங்கி இருக்கும். அங்கே சொல்லப்படுவது நேற்று நடந்த வீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம். அதற்குக் 'கதை' போதும். 1995இல் தொடங்கிய ஜான்பி நெசவாளர் அமைப்பின் பெண்கள் (ஜான்பி என்றால் புல்) புல்லால் ஒரு டொயோட்டா வண்டியே செய்து 2005இல் தேசியப் பழங்குடிக் கலைப் பரிசை வென்றார்கள். அதையும் 'கனவுக்காலக் கலை' என்றால் டொயோட்டாவே சிரிக்கும்.

இதே கையோடு, சகோதரிகள் போன பாதையைப் பாடிக்கொண்டே தொடரும் வழிக்கு, ஆங்கிலத்தின் 'சாங்லைன்ஸ்' என்பதை அப்படியே பெயர்த்துப் 'பாடல் வரிகள்' என்று போடுவதையும் நிறுத்தலாம். பாடல் வரி சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் இருப்பது. இது பாட்டுத்தடம்.