ஐடி பட்டம்: காசு கட்டுமுன் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்

உயர்தரப் பெறுபேறு வெளிவந்ததும் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "பிள்ளைக்கு மூன்று எஸ் இருக்கு, ஐடி டிகிரிக்கு எடுப்பார்களா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். எஸ் என்றால் சாதாரண சித்தி. பெரும்பாலும் எடுப்பார்கள். அரச பல்கலைக்கழகத்துக்கு மூன்று பாடச் சித்தியோடு பொது சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும், மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டும் இசட் புள்ளியும் வேண்டும். கட்டணம் கட்டிப் படிக்கும் பட்டங்கள் பலவற்றுக்கு மூன்று சித்திகளே போதும். சில இடங்களில் சாதாரண தரக் கணிதம், ஆங்கிலப் பெறுபேற்றையும் பார்ப்பார்கள், இன்னும் சில இடங்களில் நுழைவுப் பரீட்சை வைப்பார்கள். தகுதி பற்றி இவ்வளவுதான். அந்தந்த வருட அறிவித்தலைப் பார்த்தால் மிச்சம் தெரிந்துவிடும்.

நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களை நேர்முகம் காண்பதும் என் பொறுப்பு. சேர முடியாமல் போனவர்களை விட, சேர்ந்துவிட்டு இரண்டாம் வருடத்தில் நின்றுபோனவர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். உள்ளே என்ன படிக்க வேண்டும் என்று சேருமுன் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஆகவே பெற்றோரிடம் முதலில் ஒன்றைத்தான் சொல்கிறேன்: முற்பணம் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு அரையாண்டிலும் என்னென்ன பாடம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிரெடிட் (படிப்புச் சுமையின் அளவு) என்ற முழுப் பட்டியலைக் கையில் வாங்குங்கள். அது இல்லை, பிறகு தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்.

பட்டியல் கைக்கு வந்ததும் குழப்பம் தொடங்குவது 'லெவல்' என்ற இடத்தில்தான். இங்கே மூன்று ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில், அதாவது எஸ்எல்கியூஎஃப்பில், லெவல் 5 என்றால் மூன்று வருட இளமாணிப் பட்டம், லெவல் 6 என்றால் நான்கு வருட சிறப்புப் பட்டம். பிரித்தானிய முறையில் லெவல் 5 என்பது எச்என்டி, அதாவது உயர் டிப்ளோமா. அங்கே பட்டம் லெவல் 6. தொழிற்கல்விக்கான என்விகியூ முறையிலோ லெவல் 5 தேசிய டிப்ளோமா மட்டுமே, பட்டத்துக்குச் சமமானது லெவல் 7. ஆக, துண்டுப்பிரசுரத்தில் 'லெவல் 5' என்று மட்டும் போட்டிருந்தால் அது பட்டமாகவும் இருக்கலாம், டிப்ளோமாவாகவும் இருக்கலாம். எந்த முறையின் லெவல் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கிரெடிட்டிலும் இதே சிக்கல்தான். ஒரு பக்கம் 360 கிரெடிட், மறுபக்கம் 120 கிரெடிட் என்று பார்க்கும் அப்பா, 360 தான் பெரிய படிப்பு என்று நினைத்துவிடுகிறார். பிரித்தானியக் கிரெடிட் ஒன்று 10 மணிநேரக் கற்றல். 360 என்றால் 3600 மணிநேரம். எஸ்எல்கியூஎஃப் கிரெடிட் ஒன்று 50 மணிநேரம். மூன்று வருடப் பட்டத்தின் 90 கிரெடிட் 4500 மணிநேரம், நான்கு வருடத்தின் 120 கிரெடிட் 6000 மணிநேரம். இதை வைத்து எது தரமானது என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

அந்த மணிநேரக் கணக்கை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்கச் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட் என்றால் 1500 மணிநேரம். விடுமுறையே இல்லாமல் 52 கிழமைக்குப் பிரித்தாலும் கிழமைக்கு ஏறத்தாழ 29 மணிநேரம் வருகிறது. விரிவுரை, வீட்டில் படிப்பது, அசைன்மெண்ட் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. புறக்கோட்டையில் ஒரு கடையில் ஆறு நாள் நின்று வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் ஹட்டன் தம்பிக்கு இந்த 29 மணிநேரம் எங்கிருந்து வரும்? அவரால் முடியாது என்று நான் சொல்லவில்லை. முடித்து நல்ல வேலையில் இருப்பவர்களைத் தெரியும். ஆனால் மூன்று வருடத்தில் முடித்தே ஆக வேண்டும் என்று வீட்டில் நெருக்கக் கூடாது. பட்டத்தை அதிகபட்சம் எத்தனை வருடத்துக்குள் முடிக்கலாம் என்பதைச் சேரும்போதே கேட்டு, அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு வெளிவாரிப் பட்டம் நல்ல வழி. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி, அதாவது தகவல் தொழினுட்ப இளமாணிப் பட்டம், 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. முதல் வருடத்தோடு நிற்க நேர்ந்தால் டிப்ளோமாவும், இரண்டாம் வருடத்தோடு நிற்க நேர்ந்தால் உயர் டிப்ளோமாவும் பெறலாம் என்பது அதன் பெரிய ஆறுதல். இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பாடத்திட்டமும் பரீட்சையும் பல்கலைக்கழகத்துடையவை, வகுப்பு நடத்தும் தனியார் நிறுவனம் வேறு. அந்த நிறுவனத்துக்குக் கட்டும் காசில் பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அடங்கியிருக்கும் என்று நம்பி, பரீட்சை விண்ணப்ப நேரத்தில் தடுமாறிய குடும்பங்கள் உண்டு.

தனியார் நிறுவனமே பட்டம் வழங்குவதாக இருந்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரோடு அந்தப் பட்டத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பதும் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் இருப்பதும் ஒன்றல்ல. சந்தேகமென்றால் வார்ட் பிளேஸில் இருக்கும் அலுவலகத்துக்கே போய்க் கேட்கலாம்.

சரி, பாடங்களுக்கு வருவோம். ஏசிஎம், ஐஈஈஈ ஆகிய சர்வதேசத் தொழில்சார் அமைப்புகள் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஐடி பாடத்திட்ட வழிகாட்டி ஐந்து தூண்களைச் சொல்கிறது: நிரலாக்கம், வலையமைப்பு, தரவுத்தளம், வலைத் தொகுதிகள், மனித-கணினி ஊடாட்டம். தகவல் பாதுகாப்பு இவை எல்லாவற்றையும் ஊடறுத்து வரவேண்டும். உங்கள் கையிலுள்ள பட்டியலில் இவை இருக்கின்றனவா, ஒவ்வொன்றும் ஒரு பாடத்தோடு முடிந்துவிடாமல் அடுத்த வருடத்திலும் தொடர்கிறதா என்று பாருங்கள். முகாமைத்துவப் பாடங்களே பாதிக்கு மேல் நிறைந்திருந்தால், பெயரில் ஐடி இருந்தாலும் அது வேறு படிப்பு. முகாமைத்துவம் படிப்பது தவறில்லை, தெரிந்து படிக்க வேண்டும்.

தரவுத்தளப் பாடத்தை ஒருவர் எப்படிப் படித்தார் என்பது நேர்முகத்தில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் கேட்பது சாதாரணக் கேள்விதான்: ஒரு டியூஷன் வகுப்புக்கு மாணவர், ஆசிரியர், பாடம், மாதக் கட்டணம் எல்லாவற்றையும் பதிந்துவைக்க அட்டவணைகள் வரைந்து காட்டுங்கள். சிலர் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போடுவார்கள். ஆசிரியரின் தொலைபேசி இலக்கம் மாறினால் எத்தனை வரியைத் திருத்த வேண்டும் என்று கேட்டதும்தான் யோசிப்பார்கள். ஒழுங்காகப் படித்த பிள்ளை பேனாவை எடுக்குமுன், "ஒரு மாணவர் இரண்டு பாடம் எடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்பார். அப்படிக் கேட்பவரை எடுக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை. தரவுத்தளத்தில் தேட, திருத்த எழுதும் எஸ்கியூஎல் கட்டளைகளைப் பிறகு பழக்கிவிடலாம். அந்தக் கேள்வி வர, நோர்மலைசேஷனை, அதாவது ஒரே தரவு பல இடத்தில் திரும்ப வராமல் அட்டவணைகளைப் பிரிக்கும் முறையை, புரிந்து படித்திருக்க வேண்டும்.

கணிதத்தைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. கணிதப் பிரிவில் படித்தால்தான் ஐடி செய்யலாம் என்பது ஒன்று, ஐடிக்குக் கணிதமே வேண்டாம் என்பது மற்றது. தொடைகள் (செட்), தருக்கம், நிகழ்தகவு, புள்ளிவிபரம் ஆகியவை ஐடி பட்டங்களில் ஏதோ ஒரு பெயரில் வந்தே தீரும். வர்த்தகப் பிரிவில் புள்ளிவிபரவியல் பாடம் எடுத்தவருக்கு இதில் பாதி பழக்கமானதுதான். வலையமைப்பிலும் கணக்கு இருக்கிறது: 256 முகவரி கொண்ட 192.168.1.0/24 என்ற வலையமைப்பை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 64 முகவரி, அதில் இரண்டு ஒதுக்கப்பட்டவை போக 62 கருவிகளை இணைக்கலாம். சாட்ஜிபிடியைக் கேட்டு அசைன்மெண்டை ஒப்பேற்றலாம். பரீட்சை மண்டபத்தில் கையால் போட்டுக் காட்ட வேண்டி வரும்போது அது உதவாது.

தமிழ்மொழிமூலம் படித்த பிள்ளைகளுக்குக் கணிதத்தை விடப் பெரிய சுமை ஆங்கிலம். உயர்தரம் வரை எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு, முதல் விரிவுரையிலேயே நிரலாக்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் படியுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழில் இருக்கின்றன. தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். எண் முறைமைகள், தருக்கப் படலைகள், பைதன், தரவுத்தளம், மேலே சொன்ன வலையமைப்புக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. அந்தப் பாடத்தை எடுக்காதவரும் பட்டம் தொடங்குமுன் வரும் மாதங்களில் அதைத் தமிழிலேயே முடித்துவிடலாம். விளங்கிய விடயத்தை ஆங்கிலத்தில் எழுதப் பழகுவது, விளங்காததை ஆங்கிலத்தில் பாடமாக்குவதை விட எவ்வளவோ இலகு.

கடைசி வருடச் செயற்றிட்டத்தைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. காசுக்கு மென்பொருளும் அறிக்கையும் சேர்த்து ஆயத்தமாகக் கொடுக்கும் ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்கள். வேலை, குடும்பம், பரீட்சை எல்லாம் நெருக்கும்போது வாங்கிவிடத் தோன்றும், அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் வாங்காதீர்கள். அனுபவமில்லாத ஒருவரிடம் நேர்முகத்தில் நாங்கள் விரிவாகக் கேட்கக்கூடியது அந்த ஒரு செயற்றிட்டத்தைப் பற்றித்தான். எந்த இடத்தில் பிழைத்தது, வாடிக்கையாளர் எதை மாற்றச் சொன்னார், ஏன் அந்த அட்டவணையை அப்படி வைத்தீர்கள் என்று கேட்போம். தானே செய்தவர் குறைகளைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். வாங்கியவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

செயற்றிட்டத்துக்கு உண்மையான வாடிக்கையாளர் ஒருவரை இரண்டாம் வருடம் முடியுமுன்பே தேடிவையுங்கள். மாமாவின் மருந்துக்கடையாக இருக்கலாம், பக்கத்துத் தையல் நிலையமாக இருக்கலாம். வாரத்துக்கு ஒரு மணிநேரம் உங்களோடு உட்கார அவருக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அவருடைய வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், மருந்துச் சிட்டை போன்றவற்றை அப்படியே உங்கள் மடிக்கணினிக்குள் கொண்டுவர வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, சோதனைக்குக் கற்பனைத் தரவை உருவாக்கிப் பயன்படுத்துங்கள். அப்படிச் செய்ததை அறிக்கையிலும் எழுதுங்கள்.