வீடியோ அழைப்பில் குரல் ஏன் வழியில் உடைகிறது?

சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடும். அதன் தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ.; உதகை மலை ரயிலுக்கு 1,000 மி.மீ.தான். ஆகவே பயணிகள் இறங்கி மாறி ஏறுகிறார்கள். வெவ்வேறு நெட்வொர்க்குகள் சந்திக்கும் ரவுட்டரிலும் இதுவே நடக்கிறது. தரவு பாக்கெட், அதாவது சிறு பொட்டலமாகக் கட்டிய தரவு, பழைய உறையை விட்டிறங்கிப் புதிய உறைக்குள் ஏறுகிறது. சேருமிடம் சொல்லும் ஐ.பி. முகவரி கூடவே வருகிறது.

கோத்தகிரியில் ஒருவர் சென்னையிலுள்ள மகளுடன் வீடியோவில் பேசுகிறார் என்று வையுங்கள். வீட்டு வைஃபையில், அதே அலைவரிசையில் பக்கத்து வீட்டார் அனுப்பினால், அவர்கள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்து வரும் கண்ணாடியிழையைப் பல வீடுகள் பங்கிடுவதால், அங்கே முறை வைத்துத்தான் அனுப்ப முடியும். மகளின் 4ஜி கைபேசிக்கோ, கோபுரம் மில்லி விநாடிக் கணக்கில் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. மூன்றும் வேகமானவைதான். ஆனால் நேரம் என்று வந்தால் ஆளுக்கொரு நியாயம்.

மின்னஞ்சலுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. குரல் அப்படியல்ல. அதைப் பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறோம். ஒரு துண்டு 15 மில்லி விநாடியிலும் அடுத்தது 60-லும் வந்து சேர்ந்தால் சொல் உடையும். அதிக வேக இணைப்புக்குப் பணம் கட்டினாலும் இது முழுதாகத் தீராது.

எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்கினால் என்ன என்று 1980களின் இறுதியில் தொலைபேசிப் பொறியாளர்கள் யோசித்தார்கள். அப்படி வந்ததுதான் ஏ.டி.எம். (பணம் தரும் இயந்திரம் அல்ல). அதில் ஒவ்வொரு துண்டும் 53 பைட், தரவுக்கு 48. ஐரோப்பியர்கள் 32 கேட்டார்கள், அமெரிக்கர்கள் 64 கேட்டார்கள், நடுவில் முடித்துக்கொண்டார்கள்! ஆனால் அலுவலகங்களில் கணினிகளை இணைக்கும் மலிவான ஈதர்நெட் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. அதன் 1,500 பைட் பாக்கெட்டை 32 துண்டுகளாக்க வேண்டும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பாக்கெட்டும் வீண். என் கணக்கில் இது அழகான யோசனை, ஆனால் தாமதமாக வந்தது.

வென்றது நேரத்துக்கு எந்த உறுதியும் தராத ஐ.பி., அதாவது இன்றைய இணையத்தின் அடிப்படை நெறிமுறை. அந்தக் குறையை இரு முனைகளும் சேர்ந்து ஈடுகட்டுகின்றன. 1996-இல் வெளியான ஆர்.டி.பி. நெறிமுறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண்ணையும் நேரக் குறியையும் பதிக்கிறது. பெறுபவரின் கருவி அவற்றைச் சற்றே தேக்கி, வரிசைப்படுத்தி, சீராக ஒலிக்கவிடுகிறது. அளவுக்கு மீறித் தேக்கினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். அதனால்தான் ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 600 கி.மீ. இழையை ஒளி கடக்க 3 மில்லி விநாடிதான் ஆகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி காத்திருப்பும் தேக்கமும்.

மலையில் கனமழையும் சேர்ந்துகொள்கிறது. கோபுரங்களுக்கிடையே நுண்ணலை (மைக்ரோவேவ்) கம்பியில்லா இணைப்பு இருந்தால், மழையில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாக்கெட்டுகள் தொலைவதை மறுமுனை தெரிவிக்க, அனுப்பும் கருவி படத்தின் தரத்தை இறக்கிக் குரலுக்கு இடம் விடுகிறது. மகளின் திரையில் அப்பாவின் முகம் மங்கி, பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டால், கருவிகள் சரியாகவே வேலை செய்கின்றன.