ஷீட் வைத்தால் அடைப்பு திறக்காது

இந்த மாதத்தில் இது மூன்றாவது. அப்பாவின் காலில் சுற்றியிருந்த துணியைப் பிரிப்பதற்கு முன்பே மகன் செல்போனை நீட்டிவிட்டார். "டாக்டர், ரத்தக்குழாயை வளர வைக்கிற ஷீட் இருக்காமே, அதை வச்சிடுங்க." பிரித்துப் பார்த்தேன். பெருவிரல் கறுத்திருந்தது. புறங்கையை வைத்தால் பாதம் சில்லென்று இருந்தது. நாடித்துடிப்பு விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டிருந்தது. இரண்டு மாதமாகக் களிம்பை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஷீட் புருடா அல்ல. நானே வைக்கிறவன்தான். பஞ்சு போல் நுண்துளைகள் உள்ள கொலாஜன் என்ற புரதம், அதன் மேல் மெல்லிய சிலிக்கோன் படலம். யானஸ் என்ற விஞ்ஞானியும் பர்க் என்ற அறுவை மருத்துவரும் உருவாக்கிய ஷீட் தீக்காயங்களுக்காக 1996இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. துளைகளுக்குள் செல்கள் புகும், நுண்குழாய்கள் வரும், மூன்று வாரம் போல ஆனதும் சிலிக்கோனை எடுத்துவிட்டுத் தோல் ஒட்டு வைப்போம்.

சரி, அந்த நுண்குழாய்கள் எங்கிருந்து வரும்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஷீட்டுக்குள் ரத்தம் கிடையாது. புண்ணுக்கு அடியில் ஏற்கெனவே ரத்தம் ஓடுகிற குழாய்களிலிருந்துதான் அவை கிளைத்து வர வேண்டும். ஷீட் வெறும் பந்தல். வேர் காய்ந்த கொடிக்கு எத்தனை பந்தல் போட்டு என்ன? தொடையில் அடைபட்டிருப்பது பென்சில் கனமுள்ள தமனி. ஷீட்டுக்குள் வளர்வதோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள நுண்குழாய். அதற்கு இது ஈடாகாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

"வளர்ச்சிக் காரணி கலந்தது என்றால்?" என்பது அடுத்த கேள்வி. செல்களை வளரத் தூண்டும் புரதம்தான் அது. 1997இல் அனுமதி பெற்ற அப்படியொரு ஜெல் உண்டு. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குத்தான். அதிலும் போதிய ரத்த ஓட்டம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வரியை மட்டும் வீடியோக்களில் விட்டுவிடுகிறார்கள். எலியில் பலித்ததே என்றும் சிலர் வாதாடுகிறார்கள். ஆய்வகத்து எலி நாற்பது வருடம் சிகரெட் பிடித்ததில்லை.

ஆகவே ஷீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: கணுக்காலுக்கும் கைக்கும் உள்ள ரத்த அழுத்த விகிதம் எவ்வளவு? 0.9க்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாய் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு அந்த எண் நன்றாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். தமனி சுண்ணாம்பேறி இறுகிப்போனால் எண் பொய்யாக ஏறி நிற்கும். கால்விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஆறாத புண் என்றால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் ஷீட்டையோ ஜெல்லையோ வைக்கவே கூடாது.

ஷீட் வைத்த பிறகு சிலிக்கோனைத் தூக்கிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. அடியில் சீழ் சேர்ந்தால் எல்லாமே பாழ்; நாற்றமோ காய்ச்சலோ வந்தால் அன்றே வாருங்கள். அப்புறம் சிகரெட். "ரெண்டே ரெண்டுதான் டாக்டர்" என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

அந்தப் பெரியவருக்கு முதலில் பலூன் வைத்து அடைப்பைத் திறந்தார்கள். பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. விரலை எடுத்த இடத்தில் ஷீட் வைத்தேன். மூன்றாவது வாரம் சிலிக்கோனுக்கு அடியில் பீச் பழ நிறம் தெரிந்தது. மகன் மறுபடியும் செல்போனை எடுத்தார், இந்த முறை படம் பிடிக்க.