பேராறு இல்லாத ஆலை நகரம்: வூச்சின் நீர்க்கதை

போலந்தின் நடுப்பகுதியில் உள்ள வூச் நகரில் 1820-ஆம் ஆண்டில் ஆயிரம் பேர்கூட வசிக்கவில்லை. 1897-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பதிவாயினர். பருத்தி நெசவே அவர்களை அங்கு ஈர்த்தது. ஆனால் நூற்கவும் வெளுக்கவும் சாயமேற்றவும் நீர் வேண்டிய அத்தொழில் பெருகிய அந்த ஊரில் பெரிய ஆறு எதுவும் இல்லை. விஸ்துலா, ஓடர் ஆகிய இரு பேராறுகளின் வடிநிலங்களைப் பிரிக்கும் மேட்டுநிலத்தில் நகரம் அமைந்திருப்பதால், அங்கே ஊற்றெடுக்கும் யாஷென், வூட்கா போன்ற ஓடைகள் பெருகும் முன்பே ஊரைக் கடந்துவிடுகின்றன.

நீர்ச்சக்கரத்தின் திறனை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: நீர் விழும் உயரமும், நொடிக்கு வந்து சேரும் நீரின் அளவும். வூச்சின் ஓடைகளில் முதலாவது போதுமான அளவு இருந்தது. அதனால்தான் யாஷென் கரையில் முன்பே மாவாலைகள் இயங்கின. 1820-களில் போலந்து அரசு நெசவுக் குடியிருப்புகளை நிறுவி, வெளிநாட்டுக் கைவினைஞர்களுக்கு நிலம் அளித்து வரவழைத்தபோது, இந்தச் சரிவைத்தான் நம்பியது. இரண்டாவது அளவு விரைவிலேயே தடையானது. லுட்விக் கெயர் என்னும் ஆலை முதலாளி, 1839-இல் தம் வெள்ளை ஆலையில் நகரின் முதல் நீராவி இயந்திரத்தை இயக்கி அத்தடையைத் தாண்டினார். சுழற்சிக்கு ஓடையின் வேகம் தேவைப்படாமல் போயிற்று. கொதிகலனுக்கும் துணி அலசுவதற்கும் மட்டும் நீர் போதும் என்ற நிலை வந்தது. அந்த வெள்ளைக் கட்டடம் இன்று நெசவு அருங்காட்சியகமாக நிற்கிறது. எதிரே கெயரின் குளமும் உள்ளது.

அடுத்த தேவை நிலக்கரி. 1865-இல் கோலுஷ்கி வரை போடப்பட்ட கிளைப்பாதை நகரை வார்சா–வியன்னா இருப்புப்பாதையுடன் இணைத்த பிறகு ஆலைகள் பெருத்தன. பழைய மாவாலை நிலத்தில் கரோல் ஷைப்ளர் என்னும் ஆலை முதலாளி எழுப்பிய க்ஷென்ஷி ம்வின் வளாகத்தில், நூற்பாலைக்கு எதிரே தொழிலாளர் வீடுகள் ஒரே சிவப்புச் செங்கல்லில் வரிசையாக நிற்பதை இன்றும் காணலாம். இஸ்ரேல் போஸ்னான்ஸ்கி என்னும் மற்றொரு முதலாளியின் ஆலை வளாகம் 2006 முதல் 'மனுஃபக்தூரா' என்னும் வணிக, பண்பாட்டு மையமாக இயங்குகிறது.

இந்தச் செழிப்பின் விலையை ஓடைகளே கொடுத்தன. சாயக் கழிவும் வீட்டுக் கழிவும் ஒன்றாகக் கலந்து ஓடியதால் அவை படிப்படியாக மூடப்பட்டு, நிலத்தடிக் கால்வாய்களாயின. முறையான வடிகால் அமைப்புக்கு வில்லியம் லிண்ட்லி என்னும் பொறியாளர் 1909-இல் திட்டம் வரைந்தும், பணி 1925-இல்தான் தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் வாழ்ந்த ஒரு நகரம் அதுவரை காத்திருந்ததை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

மேட்டுநில நகரத்தின் வடிகாலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. குழாயின் தொடக்கப் பகுதியில் நீர் குறைவாக வரும். வேகம் குறைந்தால் மணலும் கசடும் அடியில் படிந்து குழாயை அடைக்கும். இதைத் தீர்க்கவே விடுதலைச் சதுக்கத்தின் அடியில், 1926-இல் வளைய வடிவச் செங்கல் சுரங்கம் ஒன்று கட்டப்பட்டது. 'டென்ட்கா' எனப்படும் அது 142 மீட்டர் நீளமும் 187 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. அதில் தேக்கிய நீரை மதகு திறந்து ஒரேயடியாக விடும்போது, திடீரென எழும் வேகம் படிந்த கசடைப் பெயர்த்து அடித்துச் செல்லும். இப்போது அது அருங்காட்சியகம். உயரமானவர்கள் குனிந்தபடிதான் உள்ளே நடக்க வேண்டும்.

குடிநீர்ப் பற்றாக்குறை பின்னரும் தொடர்ந்தது. பிலிட்சா ஆற்றின் குறுக்கே அணை கட்டி, 1970-களில் சுலெயுவ் நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது. 1989-க்குப் பிறகு சோவியத் ஒன்றியம் முதலான கிழக்குச் சந்தைகள் சரிந்து ஆலைகள் மூடப்பட்டாலும், மழைநீர்ச் சிக்கல் மட்டும் தீரவில்லை. சாலையும் கூரையும் மண்ணை மூடியிருப்பதால், மழைநீர் அழுக்கோடு நேரே ஓடைகளில் சேர்கிறது. நகரின் வடக்கே ஓடும் சொகோவூவ்கா ஓடையில் ஆய்வாளர்கள் மூன்று கட்டமாக நீரைத் தூய்மையாக்கும் அமைப்பைச் சோதித்தனர். முதல் தொட்டியில் வேகம் தணிந்து வண்டல் படிகிறது. அடுத்துள்ள சுண்ணாம்புக்கல் தடுப்பு நீரில் கரைந்த பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்கிறது. கடைசியாக உள்ள நீர்த்தாவரப் படுகை எஞ்சிய ஊட்டச்சத்துகளை உறிஞ்சிய பிறகே நீர் கீழிறங்கிப் ப்சூரா ஆற்றை நோக்கிச் செல்கிறது.