லெய்பாயூஸ்தோ: சுடுசட்டியில் போட்டாலும் உருகாத சீஸ்

சீஸைச் சூடான சட்டியில் போட்டால் இளகும், வழியும், ஓரத்தில் கருகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பீட்சாவில் போடும் மொசரெல்லாவும் சாண்ட்விச்சில் வைக்கும் செடாரும் அப்படித்தான். பின்லாந்தின் லெய்பாயூஸ்தோ அப்படி இல்லை. துண்டு போட்டுச் சட்டியில் வைத்தால் ஓரம் மழுங்காமல், வெட்டிய வடிவம் மாறாமல் அப்படியே நிற்கும். அடிப்பக்கம் பொன்னிறமாகும், உள்ளே மெத்தென்று ஆகும், கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும். விருந்தாளி வந்து உட்காரும் நேரத்துக்குள் தயாராகிவிடும், மேலே கொஞ்சம் ஜாம் வைத்தால் போதும்.

இது ஏன் உருகுவதில்லை என்பதற்கான விடை அடுப்பில் இல்லை. பாலை உறைய வைத்த பாத்திரத்திலேயே அது முடிவாகிவிடுகிறது. அங்கே அமிலம் சேரவிட்டார்களா, இல்லையா என்பதுதான் விஷயம். அதைப் புரிந்துகொண்டால் இந்தச் சீஸை எப்படி வறுக்க வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் சீஸைப் பற்றி. பின்லாந்தின் மேற்கு, வடக்குப் பகுதிகளான ஒஸ்ட்ரோபோத்னியா, கைனூ, லாப்லாந்து ஆகியவைதான் இதன் சொந்த ஊர். பக்கத்தில், ஸ்வீடன் எல்லையில் ஓடும் தோர்னே ஆற்றங்கரையிலும் இதே சீஸ் உண்டு. பாலை ரென்னெட் என்ற உறைபொருள் ஊற்றி உறைய வைத்து, தண்ணீரை வடித்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் வட்டமான தட்டையாக அழுத்தி, நெருப்புக்கு முன்னால் சாய்த்து வைத்து வாட்டுவார்கள். மேலே பழுப்பும் கருப்புமாகப் புள்ளிகள் விழும். இன்றைக்குத் தொழிற்சாலையில் அடுப்புக்குள் வைத்துச் சுடுகிறார்கள், புள்ளிகள் அப்படியே இருக்கும். அந்தக் காலத்தில் இதைக் காயவைத்துக் கல் மாதிரி ஆக்கி நீண்ட நாள் வைத்திருந்து, வேண்டும்போது நெருப்பில் காட்டி இளக்கிச் சாப்பிடுவார்களாம். ஆக, சூடு படுவது இந்தச் சீஸுக்குப் பிறவியிலேயே பழகிய விஷயம்.

இனி உள்ளே போவோம். பாலில் இருக்கும் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது தனித்தனி மூலக்கூறாக மிதப்பதில்லை, ஆயிரக்கணக்கில் சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஓர் உருண்டையின் குறுக்களவு சராசரியாக 150 முதல் 200 நானோமீட்டர் வரை இருக்கும். அந்த உருண்டையைச் சிதறாமல் பிடித்து வைத்திருப்பதில் பெரிய பங்கு கால்சியம் பாஸ்பேட்டுக்கு. ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 1200 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்றால், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த உருண்டைகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பாலில் கால்சியம் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருப்போம், எலும்புக்கு நல்லது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அந்தக் கால்சியம் பாலுக்குள்ளேயே ஒரு வேலை பார்க்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

உருண்டையின் வெளிப்புறம் ரம்புட்டான் பழத்தைப் போல மயிரடர்ந்து இருக்கும். அந்த மயிர்கள் காப்பா கேசீன் என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு எதிர்மின் சுமை உண்டு, அதனால் ஓர் உருண்டை இன்னோர் உருண்டையை அண்டவிடாது. பால் திரவமாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். ரென்னெட் என்பது பால் குடிக்கும் கன்றின் நான்காவது இரைப்பையிலிருந்து எடுக்கிற நொதி (இப்போது பெரும்பாலும் நுண்ணுயிரிகளை வைத்தே தயாரிக்கிறார்கள்). அதிலிருக்கும் கைமோசின் இந்த மயிர்களைக் குறிப்பிட்ட ஒரே இடத்தில் வெட்டிவிடும். மொட்டையான உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகப் பின்னிக்கொள்ளும், கொழுப்புத் துளிகளும் தண்ணீரும் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். பால் உறைந்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த உறைதலுக்கு அமிலம் தேவைப்படவில்லை. பாலின் பிஎச் (புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும்) 6.6 அல்லது 6.7 என்று இருந்தது, உறைந்த பிறகும் ஏறத்தாழ அங்கேயேதான் நிற்கிறது. உருண்டைகளுக்குள் இருந்த கால்சியம் பாஸ்பேட்டும் இடம் பெயரவில்லை.

மொசரெல்லா, செடார் போன்றவற்றில் கதை வேறு. அவற்றில் ரென்னெட்டோடு பாக்டீரியாவையும் சேர்ப்பார்கள். அது பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடும். பிஎச் மெல்ல இறங்கி 5.2, 5.3 பக்கம் வந்துவிடும். அமிலம் ஏற ஏற உருண்டைக்குள் இருந்த கால்சியம் பாஸ்பேட் கரைந்து வெளியேறும், இறுக்கிப் பிடித்திருந்த பிடி தளரும். இப்படித் தளர்ந்த வலையைச் சூடாக்கினால் புரத இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நகரும். நாம் அதைத்தான் சீஸ் உருகுகிறது என்கிறோம். உண்மையில் உருகுவது கொழுப்பு மட்டும்தான், பால் கொழுப்பு 40 டிகிரிக்குள் முழுக்கத் திரவமாகிவிடும். புரதம் உருகுவதே இல்லை, பிடி விட்டு நகர்கிறது, அவ்வளவுதான். பீட்சாவில் இழுக்க இழுக்க நூல் மாதிரி வருகிறதே, அது நகர்ந்து நீண்ட கேசீன்.

லெய்பாயூஸ்தோவில் பாக்டீரியாவைச் சேர்ப்பதில்லை, அமிலம் ஊறுவதற்கு அவகாசமும் கொடுப்பதில்லை. உறைந்ததும் வடித்து, அழுத்தி, நேரே நெருப்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கால்சியம் முழுக்க உள்ளேயே இருக்கிறது. இந்த வலையைச் சூடாக்கினால் கொழுப்பு இளகும், அதனால் துண்டு மிருதுவாகும், ஆனால் புரத இழைகள் நகராது. நகராதது மட்டுமல்ல, தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் சூட்டில் இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொள்வதால் வலை சுருங்கி உள்ளிருக்கும் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். சூடு ஏற ஏற மற்ற சீஸ் வழிகிறது, இது இறுகுகிறது. எனக்கு இந்தச் சீஸில் பிடித்ததே இதுதான்: ஒரே பால், ஒரே புரதம், ஒரே நெருப்பு, ஆனால் நடப்பது நேர் எதிர்.

கால்சியம்தான் காரணமா என்று சந்தேகம் வந்தால் அதற்கு நூறாண்டுக்கு மேல் பழைய சான்று இருக்கிறது. 1911இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் எம்மென்டால் சீஸோடு சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்துச் சூடாக்கி, எண்ணெய் பிரியாமல் வழவழவென்று உருகும் சீஸைச் செய்தார்கள். சிட்ரேட் செய்யும் வேலை, கேசீனிடமிருந்து கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்வது. கால்சியம் போனது, பிடி விட்டது, சீஸ் உருகியது. இன்று கடையில் கிடைக்கும் தாள் போன்ற சீஸ் துண்டுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

அப்படியென்றால் பனீர் ஏன் உருகுவதில்லை, அதில்தான் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உருகுவதற்கு ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது, பிஎச் சுமார் 5.0 முதல் 5.4 வரை. அதற்கு மேலே போனால் கால்சியம் பிடித்துக்கொள்ளும். மிகக் கீழே இறங்கினால் கேசீனின் மின்சுமை குறைந்து, ஒன்றையொன்று தள்ளுவதற்கு எதுவும் இல்லாமல் இழைகள் தாமாகவே இறுக ஒட்டிக்கொள்ளும், புளிப்பு மிகுந்த ஃபெட்டா சீஸ் உருகாமல் உதிர்வது அதனால்தான். பனீரில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. பாலைக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் திரிக்கிறோம். அந்தச் சூட்டில், வழக்கமாக வடிநீரோடு போய்விடுகிற மற்ற புரதங்கள் உருக்குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொண்டு வலையைக் கெட்டிப்படுத்திவிடுகின்றன. ஆக லெய்பாயூஸ்தோவும் பனீரும் சட்டியில் ஒரே மாதிரி நடந்துகொண்டாலும் அங்கே வந்து சேர்ந்த வழி வேறு வேறு. சைப்ரஸின் ஹல்லூமி நம் சீஸுக்கு நெருங்கிய உறவு: அதுவும் ரென்னெட்டில் உறைந்தது, அமிலம் குறைவு, கட்டிகளை வடிநீரிலேயே 90 டிகிரிக்கு மேல் வேகவைத்து எடுப்பார்கள்.

பழைய முறையில் லெய்பாயூஸ்தோவுக்கு எடுத்த பால் சாதாரணப் பால் இல்லை, மாடு கன்று போட்ட பின் கறக்கும் முதல் பால். நம் சீம்பாலேதான். கன்றுக்கு நோய் எதிர்ப்பைக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் புரதங்கள் அதில் கொட்டிக் கிடக்கும். சாதாரணப் பாலில் 3 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும் புரதம், முதல் கறவையில் 14 சதவீதம் வரை போகும். இந்தப் புரதங்கள் சூடு பட்டாலே கெட்டியாகிவிடும். சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தால் உறை மோர் எதுவும் இல்லாமலே கட்டியாகிறதே, அதே விஷயம்தான். பின்லாந்திலும் சீம்பாலை அப்படியே அடுப்புக்குள் வைத்துக் கட்டியாக்கும் பண்டம் ஒன்று உண்டு, உனியூஸ்தோ என்பார்கள். சீம்பாலில் செய்த லெய்பாயூஸ்தோவில் ரென்னெட் பின்னிய வலையோடு இந்தச் சூட்டு வலையும் சேர்ந்துவிடுவதால் அது இன்னும் கெட்டியாக, இன்னும் மஞ்சளாக, சுவை கூடியதாக இருக்கும். கடையில் இப்போது கிடைப்பது சாதாரணப் பாலில் செய்தது. பால்பண்ணைகளின் வசதியைப் பார்த்தால் அது புரிகிறது, ஆனாலும் அந்தப் பழைய வகை அருகிப்போனது இழப்புதான்.

சரி, சட்டிக்கு வருவோம். சீஸை விரல் தடிமனுக்கு வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். இதைத் தவறவிடவே கூடாது. மேலே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, சீஸ் வேகுமே தவிர சிவக்காது. சிவப்பதற்கு 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அங்கேதான் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் கொடுக்கும், 1912இல் லூயி கமீல் மையார் விவரித்த அதே வினை. லெய்பாயூஸ்தோ சீக்கிரம் சிவப்பதற்குக் காரணமும் பாக்டீரியா இல்லாததுதான்: மற்ற சீஸில் பாக்டீரியா தின்று தீர்த்துவிடுகிற லாக்டோஸ் இதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் லாக்டோஸ் நீக்கியது என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டியதும் அதனால்தான்.

கனமான இரும்புச் சட்டியை மிதமான தீயில் நன்றாகக் காயவிட்டுத் துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். எண்ணெய் தேவையில்லை, வேண்டுமானால் பெயருக்கு வெண்ணெய் தடவிக்கொள்ளலாம். முதலில் சன்னமாகச் சீறும், அது தண்ணீர் போகிற சத்தம். அப்புறம் துண்டின் பக்கவாட்டில் வியர்த்த மாதிரி மினுமினுவென்று கொழுப்புத் துளிகள் அரும்பி, கீழே இறங்கி அடியில் மெல்லிய படலமாகப் பரவும். சீஸ் தன் கொழுப்பிலேயே வறுபட ஆரம்பித்துவிட்டது. இந்தக் கட்டத்தில் துண்டைக் கிளறாதீர்கள். ஒட்டியிருக்கிறதே என்று பலவந்தமாக எடுத்தால் சிவந்த தோல் சட்டியோடு போய்விடும். அடி நன்றாகக் காய்ந்து தோல் கட்டியதும் தானே விட்டுக்கொடுக்கும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் வலை சுருங்கிச் சுருங்கி ஈரம் எல்லாம் போய் ரப்பராகிவிடும், உருகவில்லையே என்று தைரியமாக விட்டுவைக்கக் கூடாது.

கீச்சுச் சத்தத்துக்கும் கால்சியம் பிடித்த அதே வலைதான் காரணம். பல் அழுத்தும்போது விறைப்பான இழைகள் பல்லின் பரப்பில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக மாறி மாறி உராய்கின்றன, அந்த அதிர்வே காதில் கீச்சென்று விழுகிறது. ரென்னெட்டில் உறைந்த புதிய சீஸ் கட்டிகள் பலவும் இப்படிச் சத்தம் போடும். நாளாக ஆக நொதிகள் புரதத்தை அறுத்து, கொஞ்சம் கால்சியமும் கரைந்ததும் அடங்கிவிடும். லேசாகச் சூடு காட்டினால் சத்தம் திரும்பி வருவதுண்டு.

கூட வைப்பதற்கு வடக்கு பின்லாந்தில் முதல் தேர்வு கிளவுட்பெரி ஜாம். சதுப்பு நிலங்களில் விளையும் மஞ்சள் நிறப் பழம், அந்த நாட்டின் 2 யூரோ நாணயத்திலேயே அதன் படம் இருக்கிறது. அதன் புளிப்பு இங்கே வெறும் அலங்காரம் இல்லை: அமிலமே இல்லாத சீஸ் என்பதால் லெய்பாயூஸ்தோ தனியாகத் தின்றால் பால் இனிப்பும் கொழுப்பும்தான் நாக்கில் நிற்கும், குறைகிற புளிப்பைப் பழம் கொண்டுவருகிறது. கிளவுட்பெரி கிடைக்காவிட்டால் புளிப்புள்ள எந்த ஜாமும் சரி. தேன் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது திகட்டுகிறது. இன்னொரு பழக்கம், சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கோப்பையில் போட்டு அதன் மேல் கொதிக்கக் கொதிக்கக் காபியை ஊற்றுவது. சீஸ் கரையாது, காபியை உறிஞ்சி மெத்தென்று ஊறும், காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவார்கள்.

வறுத்ததைச் சுடச்சுடச் சாப்பிட்டுவிடுவது நல்லது. ஆறினால் கொழுப்பு மறுபடி இறுகி, துண்டு விறைத்துவிடும். மீந்துபோனால் மைக்ரோவேவில் வெகுநேரம் வைக்காமல் காய்ந்த சட்டியில் பக்கத்துக்கு அரை நிமிடம் காட்டினால் கொழுப்பு இளகும் அளவுக்குச் சூடு ஏறும், ஈரமும் அதிகம் போகாது.