மூன்றாம் நாள் திரும்பிப் போன 200 ரூபாய்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஏற்காட்டுப் பறவைகளைக் குரலை வைத்து அடையாளம் காண ஓர் ஆண்ட்ராய்டு ஆப் செய்திருக்கிறார். முழுத் தொகுப்பும் வேண்டுமென்றால் 200 ரூபாய். ப்ளே ஸ்டோர் கமிஷன் போக 170 கைக்கு வருகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாராம். ஆனால் மலையேறும் வழியில் வாங்கிய சிலருக்கு, மூன்று நாள் கழித்து மொத்தப் பணமும் தானாகத் திரும்பிப் போயிருக்கிறது. ஏன் என்று கேட்கிறார்.

கமிஷன் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் ஆப் கடைகள் திறந்தபோது 30 சதவீதம் என்று வைத்தார்கள். 2021 ஜூலையில் கூகுள், ஆண்டின் முதல் 10 லட்சம் டாலர் வருமானத்துக்கு மட்டும் அதை 15 ஆக்கியது. இது டிஜிட்டல் சரக்குக்குத்தான். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசை ஆப்பில் விற்றால் யுபிஐயில் பணம் வாங்கிக்கொள்ளலாம், ஸ்டோருக்குப் பங்கு கிடையாது.

சரி, ஒருவர் அடிவாரத்தில் பணம் கட்டுகிறார். ரசீது போனுக்கு வந்ததும் வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறது, சிக்னல் போய்விடுகிறது. மொத்தம் 20 வளைவுகள். இருந்தும் ஆப் திறந்துகொள்கிறது. ரசீது போலி இல்லை என்று, யாரையும் கேட்காமல் ஆப்புக்கு எப்படித் தெரிந்தது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொலுசில் அடிக்கும் முத்திரையைப் பார்த்து இன்னொருவர் அச்சு செய்துவிட முடியும். ரசீதின் அடியில் இருக்கும் மின்கையெழுத்து அப்படியல்ல. ரசீதில் உள்ள எழுத்துகளையெல்லாம் அரைத்து ஒரே ஓர் எண்ணாக்குகிறார்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். அந்த எண்ணை ஸ்டோர் தன் ரகசிய எண்ணைக் கொண்டு கையெழுத்தாக மாற்றுகிறது. ஆப்புக்குள் இருப்பது அதன் ஜோடியான பொது எண். அதை வைத்துக் கையெழுத்தைச் சரிபார்க்கலாம், கையெழுத்துப் போட முடியாது.

61-ஐயும் 53-ஐயும் பெருக்குங்கள், 3233. தாளில் அரை நிமிட வேலை. 3233-ஐ மட்டும் கொடுத்து, எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று கேட்டால் 3, 7, 11 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போகவேண்டும். ஸ்டோரின் பொது எண்ணும் இப்படி இரண்டு பகா எண்களின் பெருக்கல்தான், அதைப் பிரித்தவருக்கு ரகசிய எண் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பொது எண்ணுக்கு 617 இலக்கங்கள். அந்த அளவில் இப்படி அமைத்த எண்ணை இதுவரை யாரும் பிரித்ததில்லை. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அமைத்த முறை இது. இதற்கு அடிப்படையான ஆய்லரின் தேற்றம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பகா எண் ஆராய்ச்சியால் யாருக்கு லாபம் என்று கேட்டுக் கணிதத் துறைகளுக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இந்தக் கையெழுத்துக்கு 10 ரூபாய் ரசீதும் 1000 ரூபாய் ரசீதும் ஒரே வேலைதான். இந்தியாவில் வேறு வழியிலும் பணம் வாங்கலாம் என்று அனுமதித்தபோது, அப்படி வாங்கும் பணத்துக்குக் கூகுள் கமிஷனில் 4 சதவீதப் புள்ளி குறைத்தது. வாசகியின் 200 ரூபாயில் அது 8 ரூபாய். ஆக, பணம் வாங்கித் தரும் வேலைக்கு அவர்களே போட்ட மதிப்பு 8. மீதி 22 சந்தையில் கடை போட்டதற்கு. ஆப்பை வைத்திருப்பதற்கும் வைரஸ் பார்ப்பதற்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விலை ஏறினால் அந்தச் செலவு கூடவே ஏறுவதில்லை. லீ பஜாரில் ஒரு மண்டியின் கமிஷன் கட்டுப்படியாகாவிட்டால் மூட்டையை அடுத்த மண்டிக்கு ஏற்றலாம். ஆப் விற்பவருக்கு அப்படிப் போக இடம் குறைவு. தன் பில்லிங்கையே கட்டாயமாக்கியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025-ல் அதை 216.69 கோடியாகக் குறைத்தது.

அப்புறம், திரும்பிப் போன பணம். ரசீது வந்ததும், பொருளைக் கொடுத்துவிட்டேன் என்று ஆப் ஸ்டோருக்கு ஓர் ஒப்புகை அனுப்பவேண்டும். 3 நாளில் அது வராவிட்டால், வாங்கியவருக்குப் பொருள் சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு ஸ்டோர் பணத்தைத் திருப்பிவிடும். உங்கள் ஆப் வாங்கிய நொடியில் ஒரே ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன். அந்த நொடியில் சிக்னல் இல்லை. ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் பழைய ரசீதுகளைப் பார்த்து, ஒப்புகை போகாதவற்றுக்கு மறுபடி அனுப்பும்படி மாற்றுங்கள். மேலே போய் ஏரிக்கரையில் டீ குடிக்கும் நேரத்தில் அது போய்ச் சேர்ந்துவிடும்.